ஈரம் ஏறாத எலுமிச்சைப் பொடி

05.07.1986 - பழம் 20 கிலோ, பொடி 2 கிலோ 300 கிராம்
02.08.1986 - பழம் 20 கிலோ, பொடி 1 கிலோ 800 கிராம்
13.09.1986 - பழம் 20 கிலோ, பொடி 1 கிலோ 950 கிராம்

இவை காயல்பட்டினம் நூஹு அரைத்த மூன்று மாதிரிகளின் அளவுகள். அஜ்மானில் மளிகை மொத்த வியாபாரம் செய்த செய்கு முகம்மதின் கிடங்கில் நூஹுவுக்கு மிளகாயும் மல்லியும் அரைக்கும் வேலை. நான் அங்கே சரக்கேடு எழுதினேன். தோஹா வியாபாரி ஒருவர் எலுமிச்சைப் பொடி கேட்டிருந்தார்: வெளிர் மஞ்சளாக, கட்டி தட்டாமல். அந்த ஆர்டர் கிடைத்தால் நூஹுவின் விசாவைப் புதுப்பிப்பதாகவும், இல்லையென்றால் செப்டம்பர் 30-உடன் அனுப்பிவிடுவதாகவும் முதலாளி சொல்லியிருந்தார். ஊரில் மனைவி ஹாலிதாவும் மூன்று பெண் பிள்ளைகளும் நூஹுவை நம்பி இருந்தார்கள்.

முதல் தடவை ஊர்ப் பழக்கப்படி செய்தார். வில்லையாக நறுக்கி, விதை நீக்கி, கிடங்கின் மொட்டை மாடியில் பரப்பினார். ஆறாம் நாள் விடிகாலையில் அள்ளி அரைத்தார். தோஹா போய்ச் சேருமுன் பொடி கல்லாய் இறுகிவிட்டது.

அடுத்து ரொட்டிக்கடை அடுப்பில் உலர்த்தினார். பொடி உதிரியாகத்தான் இருந்தது. ஆனால் நிறம் பழுப்பு. வாசனை போய்க் கசப்பு. இரண்டுக்கும் மறுப்புக் கடிதம் வந்தது.

"கலாஸ் நூஹு, இதோட விடு," என்றார் முதலாளி.

"ஒரே ஒரு தடவ, காக்கா."

அன்று ஏட்டைப் பார்த்து நூஹு கேட்டார்: "ரெண்டும் இருபது கிலோதான். மொதப் பொடி மட்டும் எப்படி அரைக்கிலோ கூடிச்சு? தண்ணியத்தான் அரைச்சிருக்கேன்."

ஒரு தட்டு வில்லையை மாடியில் வைத்து, பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் நிறுத்தோம்: 500 கிராம். மறுநாள் விடிகாலை சுபுஹு நேரத்தில் 580. காயல்பட்டினத்து ஆடிக் காற்று காய்ந்த காற்று. இரவில் விட்டாலும் கெடாது. அஜ்மானிலோ விடியும்போது கைப்பிடிச் சுவரிலேயே தண்ணீர் வடிந்தது.

மூன்றாம் தடவை, நிறம் போகாதிருக்க மெல்லிய வெள்ளைத்துணி போர்த்திக் காயவைத்தார். தினமும் அஸருக்கு முன் அள்ளி, ஏசி ஓடுவதால் ஈரம் ஏறாத ஒரே இடமான எங்கள் ரூமுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஆறு பேர் படுத்தோம். எங்களில் தியாகராசா யாழ்ப்பாணத்துக்காரர்; ஷார்ஜாவில் ஆபீஸ் வேலை.

"நூஹு காக்கா, என்ரை கட்டில்லை எலுமிச்சங்காய் படுக்குது. நான் எங்கை படுக்கிறது, மொட்டை மாடியிலயோ?"

"அஞ்சே நாள் தம்பி. ஏசிய மட்டும் அணைச்சிராதிய."

"அணைக்கேலாது. வெளியிலை போனா நானும் எண்பது கிராம் கூடிடுவன்."

அரைப்பதையும் அதே ரூமில், கதவை அடைத்துக்கொண்டே செய்தார். எல்லோரும் தும்மினோம். பொடியை உடனே டின்னில் அடைத்து விளிம்பில் டேப் ஒட்டினார்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் நூஹு தம் அட்டைப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். தோஹா கடிதத்தை முதலாளி நின்றபடியே படித்தார். மாதம் நூறு கிலோ கேட்டிருந்தார்கள். அவர் நூஹுவைக் கூப்பிட்டு, "பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வா, விசா அடிக்கணும்," என்றார்.

மூன்றாவதும் கடைசியுமான அந்தக் கடிதம் வந்தது 27.09.1986, சனிக்கிழமை.