பொருந்தாத சக்கரமும் என் மடியிலிருந்த ஹேண்டிலும்

மோட்டாரின் ஹேண்டிலை நான் திருடிவிட்டேன் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். திருடுகிறவள் ஒளித்து வைப்பாள். நான் பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, வாசலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம் தரமாட்டேன் என்று சொன்னேன். இதற்குப் பெயர் திருட்டு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். செலியமேட்டில் எங்கள் குடும்பத்துக்கு நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் மூத்தார், கரும்பு நன்றாக விளைந்த ஒரு வருஷம் புதுச்சேரி டவுனில் ஒரு துரை விட்டுவிட்டுப் போன பிரெஞ்சு மோட்டாரை வாங்கி வந்தார். வாங்கியவர் அவர். ஓட்டியவர் என் வீட்டுக்காரர். கழுவியவள் நான். சேறும் சாணியுமாக வருகிற வண்டியைத் துளை துளையாகத் துடைத்தவளுக்கு அதன் உடம்பு தெரியாமல் போகுமா? அதன் முன்பக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. வளைந்த இரும்புக் கம்பி ஒன்றை அதில் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்றினால்தான் வண்டி கிளம்பும். அந்தக் கம்பியைத்தான் ஹேண்டில் என்போம்.

ஒரு மழைக்காலத்தில் கரும்பு வண்டிகள் போட்ட பள்ளத்தில் விழுந்து மோட்டாரின் ஒரு சக்கரம் நெளிந்தது. ஒன்றை மாற்றியிருந்தால் போதும். மூத்தாருக்கு அது போதவில்லை. டவுனில் பழைய மோட்டார் சாமான் விற்கிற கடையில் நாலு இரும்புச் சக்கரங்கள் புதுப் பெயிண்டு பூசி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தனவாம். அவர் மனம் அங்கேயே சாய்ந்துவிட்டது.

இங்கே எங்கள் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். டவுனும் பிரெஞ்சு எல்லை, எங்கள் பாகூர்ப் பக்கமும் பிரெஞ்சு எல்லை. நடுவில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் எல்லை. அங்கே அவன் சாவடி. கையில் எடுத்துப் போனால் அது சரக்கு, தீர்வை கட்ட வேண்டும். உடம்பில் இருந்தால் அது உடுப்பு. அதனால் புதுப்புடவை வாங்கினால் நாங்கள் கடையிலேயே பழையதன் மேல் சுற்றிக்கொண்டு வருவோம். கல்யாணத்துக்குத் துணி எடுத்த நாளில் எங்கள் பெண்கள் எல்லாரும் ஒரே நாளில் பருத்துவிடுவார்கள். சக்கரத்துக்கும் அதே கணக்குதான். தனியாகக் கொண்டுவந்தால் சாவடியில் பிடிப்பான், வண்டியில் மாட்டியிருந்தால் அது வண்டி. ஆகவே கடை வாசலிலேயே மாட்டிவிட வேண்டும். மாட்டினார்கள்.

வண்டியில் நாலு போல்ட்டு, சக்கரத்தில் நாலு துளை. எண்ணிப் பார்த்த மட்டில் சரிதான். ஆனால் வண்டி பிரெஞ்சுக்காரன் அளவில் செய்தது, சக்கரம் இங்கிலீஷ்காரன் அளவில் செய்தது. துளைக்கும் துளைக்கும் உள்ள தூரம் ஒரு அரை நூல் தள்ளியிருந்தது. ஏறவில்லை. கடைக்காரன் வட்ட அரத்தை எடுத்து, "கொஞ்சம் ராவுனா ஏறிடும்" என்று துளைகளைப் பெரிதாக்கி ஏற்றிவிட்டான். பழைய சக்கரங்களை மூத்தார் அவனிடமே தள்ளிவிட்டார். சாவடிக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்ட, வண்டி ஜம்மென்று ஊர் வந்து சேர்ந்தது. மூத்தார் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

மறுநாள் கழுவும்போதே எனக்கு உறுத்தியது. பழைய சக்கரத்தில் நட்டின் கூம்பு முனை துளைக்குள் பாந்தமாக உட்காரும். இதில் ஒரு பக்கம் தொட்டும் மறுபக்கம் தொடாமலும் நின்றது. பழைய சக்கரத்தின் நடு ஓட்டை அச்சு முனையில் புடைத்திருக்கும் குடத்தைச் சுற்றிக் கவ்வியிருக்கும். இதில் சுண்டுவிரலை விட்டால் போய்வந்தது. அப்படியென்றால் வண்டியின் பாரம் முழுவதையும் அந்த நாலு போல்ட்டுதான் தூக்க வேண்டும். ஏந்திரத்தின் நடுமுளை தளர்ந்தால் மேல்கல் எப்படி ஆடும் என்று மாவு அரைத்த எவளுக்கும் தெரியும்.

எங்கள் பக்கத்தில் மருமகள் மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது. மாட்டிடம் பேசலாம், கதவிடம் பேசலாம், அவர் காதில் விழுந்தால் அது அவர் பாடு. நான் கொட்டகையில் கட்டியிருந்த பசுவிடம் போய், "பொருந்தாத சக்கரத்த ராவி மாட்டிகினு வந்துக்கிறாங்க. இன்னிக்கோ நாளைக்கோ கழண்டுகினு ஓடப்போவுது" என்றேன். மூத்தார் வெற்றிலையை மென்றபடி, "மாட்டுக்கெல்லாம் மோட்டாரு தெரிஞ்சிப்போச்சா" என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குப் பொட்டு வைப்பது என் வேலை. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கட்டை விரலால் நட்டின் மேலும் சக்கரத்தின் மேலும் படும்படி ஒவ்வொரு நட்டுக்கும் பெரிய பொட்டாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். பூஜை முடிந்து எலுமிச்சம்பழம் நசுக்கி, பாகூர் வரை ஓட்டிவிட்டு வந்தார்கள். வந்த வண்டியைப் பார்த்தேன். முன்பக்கத்து இடது சக்கரத்தில் பொட்டுகள் இரண்டாகப் பிளந்திருந்தன. சக்கரத்தில் ஒட்டிய பாதி அங்கேயே இருக்க, நட்டில் ஒட்டிய பாதி திரும்பிப் போயிருந்தது. நட்டு தானாகக் கழன்றுகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர் ஸ்பேனரை எடுத்து முடுக்கினார். "முடுக்கிட்டேன், வுடு" என்றார். நான் மறுபடி பொட்டு வைத்தேன். அடுத்த சவாரியில் மறுபடி பிளந்தது. மறுபடி முடுக்கினார். பூஜை முடிந்தும் இவள் ஏன் மோட்டாருக்குத் தினம் பொட்டு வைக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் என்னைப் பைத்தியம் என்றார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதற்கிடையில் என் நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. இந்தத் தடவை மாதம் நெருங்கியதும் ஆஸ்பத்திரியிலேயே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், தாமதிக்கக் கூடாது என்று டவுன் டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். மூத்தார் நல்ல நாள் பார்த்தார். தன் தங்கை மோட்டாரில் போகப்போகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தார்.

அன்று காலை பொட்டைப் பார்த்தேன். பிளந்திருந்தது. நேரே போய் ஹேண்டிலை எடுத்தேன், வாசலில் உட்கார்ந்தேன், மடியில் வைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வந்து தேடினார். மடியைப் பார்த்ததும் முகம் மாறியது. "இன்னாடி இது, வெளயாட்டா?"

"வெளயாட்டு இல்ல. அந்த சக்கரத்துல இவ போவக்கூடாது."

மாமியார் ஓடிவந்தார். "நல்ல நாளும் அதுவுமா, வயித்துப் புள்ளக்காரி கெளம்பறப்ப இன்னாடி அபசகுனம்? குடுத்துத் தொலடி." அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. தெருவில் ஆள் கூடிவிட்டது. மூத்தார் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, அங்கவஸ்திரம், முகம் மட்டும் கொதித்தது. அவரும் என்னிடம் பேசவில்லை, தம்பியிடம்தான் பேசினார். "ஒம் பொண்டாட்டிகிட்ட கேளுடா, இந்த வூட்ல ஆம்பள யாரு, பொம்பள யாருன்னு."

அந்த இடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. பசு கொட்டகையில் இருந்தது, கதவு பின்னால் இருந்தது. இரண்டையும் நான் பார்க்கவில்லை. எழுந்து நின்று மூத்தாரின் முகத்தைப் பார்த்தேன். "ஒங்களைத்தான் கேக்கறேன். அந்த நட்டு ஏன் நிக்கமாட்டேங்குது? பதில் சொல்லுங்க, ஹேண்டில குடுத்துடறேன்."

மருமகள் மூத்தாரிடம் நேரே பேசிவிட்டாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். மூத்தார் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் தெரிந்தால்தானே சொல்லுவார்?

அப்போது என் நாத்தனார் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள். "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் மாட்டு வண்டியிலயே போறேன். வைக்கோலு போட்டு மெத்தையாப் பண்ணச் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்ன பிறகு யார் என்ன பேசுவது?

மாட்டு வண்டியில் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் வண்டி ஓட்ட, உள்ளே நாத்தனார், மாமியார், நான். மூத்தார் வரவில்லை. சாவடி தாண்டுகிற வரைக்கும் மாமியார் என்னைத் திட்டியபடியே வந்தார். தவளக்குப்பம் நெருங்கும்போது நாத்தனார் என் கையைப் பிடித்து நெரித்தாள். வலி எடுத்துவிட்டது. மாமியார் அழ ஆரம்பித்தார். "மோட்டார்ல போயிருந்தா இந்நேரம் ஆஸ்பத்திரியில இருந்துருப்பா. பாவி, எம் பொண்ண நடுரோட்டுல கொல்லப் பாக்கறியே." ஏதாவது ஆனால் நானும் வீடு திரும்பப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் சக்கரம் சரியில்லை என்று நான் சொன்னது அப்போதும் சரிதான்.

தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் எங்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டது. கடைக்காரரின் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளறையில் பாய் விரித்து, வெந்நீர் வைத்து, மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அது கத்திய கத்தலில் கடை வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் அந்த அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதேன்.

ஊர் திரும்பியதும் மூத்தார் தம்பியைக் கூப்பிட்டார். எல்லார் எதிரிலும் அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னார், என் வாயை அடைப்பதற்கு. என் வீட்டுக்காரர் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினார். நட்டு திரும்பவில்லை, போல்ட்டு ஒடிந்து நட்டோடு கையில் வந்தது. அடுத்ததும் அப்படியே. ஒடிந்த வாயில் பாதி துருப்பிடித்திருந்தது, பாதிதான் புதிதாக மின்னியது. என்றோ வெடித்துவிட்ட போல்ட்டு அது.

"நீ ஜாஸ்தியா முடுக்கிட்ட" என்றார் மூத்தார்.

என் வீட்டுக்காரர் ஒடிந்த துண்டுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இதுல எந் தங்கச்சிய ஒக்கார வெச்சி நான் ஓட்டியிருப்பேன், அண்ணா" என்றார். வீட்டுக்குள் வந்து என்னிடம், "சரியான சக்கரம் எதுன்னு எப்பிடிப் பாக்கலாம், சொல்லு" என்று கேட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னிடம் ஒரு யோசனை கேட்டது அன்றைக்குத்தான்.

பொருந்துகிற போல்ட்டுகளை வரவழைத்து மாட்டிய பிறகு, ஜவுளிக்கடை அட்டை ஒன்றை அச்சின் மேல் வைத்து அழுத்தினேன். கிரீஸ் பட்டு நாலு போல்ட்டும் நடுக்குடமும் கறுப்பு வட்டங்களாகப் பதிந்தன. அட்டையை எடுத்துக்கொண்டு அதே கடைக்கு இருவரும் போனோம். அட்டைக்கு ஏது தீர்வை? "மதாம் சக்கரம் வாங்க வந்துக்கிறாங்க" என்று கடைக்காரன், துரைசானியைச் சொல்வதுபோல், கிண்டல் செய்தான். நான் பெயிண்டைப் பார்க்கவில்லை. அட்டையை ஒவ்வொரு சக்கரமாக வைத்துப் பார்த்துத் தள்ளினேன். அவன் அரத்தை எடுத்தான். "அத கீழ வை. ராவாம ஏறுறது இருந்தா காட்டு, இல்லன்னா நாங்க போறோம்" என்றேன். கடைசியில் மூலையில் கிடந்த துருப்பிடித்த ஜோடியில் வட்டங்கள் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தன. மீதி இரண்டை வேறு கடையில் தேடிப் பிடித்து, சாவடியில் தீர்வை கட்டியே கொண்டுவந்தோம். பார்க்க ஒன்றும் அழகில்லை. அவற்றின் மேல் நான் வைத்த பொட்டு ஒரு நாளும் பிளக்கவில்லை.

மூத்தார் கடைசிவரை என் பேச்சை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அதன்பிறகு பசுவிடம் பேசவில்லை, சொல்ல வேண்டியதை அவரிடமே சொன்னேன். மாமியார்தான் விடவே இல்லை. நாத்தனார் மகளுக்குக் காது குத்துகிற அன்றைக்கு, உறவு முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆஸ்பத்திரியில பொறக்க வேண்டிய புள்ள. இவ புடிவாதத்தால ரோட்டுல பொறந்துச்சு."

நான் குழந்தையை அவர் மடியிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"ஆமா அத்த. ரோட்டுல பொறந்த புள்ளதான். ரோட்டுல செத்த புள்ள இல்ல."