தேசிய கீதத்தின் நடுவே அசைந்தவர்

மகளின் வெள்ளைக் காலுறைகளைத் துவைக்கும்போது கணுக்கால் பக்கத்தை இரண்டு தடவை பார்ப்பேன். இரப்பர் மரங்களுக்கு நடுவே பாடசாலைக்குப் போய்வரும் பிள்ளை. மழைக்காலத்தில் அட்டைக் கடி இல்லாமல் வீடு திரும்புவது அபூர்வம். அங்கே சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் போதும், வேறொரு பிள்ளையின் காலுறை நினைவுக்கு வந்துவிடும். கூடவே, எங்கள் பாடசாலையில் சிங்களம் படிப்பித்த டீச்சரும் வருவார்.

அப்போது எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து இரண்டாவது வருடம். தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டப் பாடசாலைக்கு அவர் அவிசாவளைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, மீதித் தூரத்தை ஒற்றையடிப் பாதையில் நடப்பார். கைப்பையில் எப்போதும் ஒரு சவர்க்காரத் துண்டு இருக்கும். அதை நனைத்துத் தடவினால் அட்டை கடித்த இடத்தை விட்டுவிடும். என்னை “நங்கி” என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல்லில் என்னைத் தங்கையாக்கிக்கொண்டவர்.

பரிசளிப்பு விழாவுக்கு முன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேசிய கீதத்தின் வரலாற்றையும் பொருளையும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முதலில் சிங்களத்தில் எழுதப்பட்டது, பிறகு அதே மெட்டில் பாடும்படி தமிழில் ஆக்கப்பட்டது என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. நாடு அந்தப் பாடலைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்ட காலத்தில், இந்தத் தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த எங்கள் ஆட்களில் மிகப் பலருக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இருக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன், மணி அடித்துவிட்டது.

மறுநாள் சிங்கள டீச்சரும் வகுப்புக்கு வந்தார். “இந்தப் பாட்டில அம்மான்னு யாரைக் கூப்பிடுறது?” என்று கேட்டார்.

“எங்கம்மா மரத்துல பால் வெட்டப் போயிட்டாங்க டீச்சர். கூப்பிட்டாலும் வர மாட்டாங்க” என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

அவரும் சிரித்தார். பையன்களை “புத்தா”, மகனே, என்றுதான் கூப்பிடுவார். “நாட்டைத்தான் அம்மான்னு சொல்றது புத்தா. அம்மாகிட்ட பயந்து பயந்தா பேசுவீங்க? அப்ப சத்தமாப் பாடுங்க.” அவர் கையிலிருந்த கொப்பியில் தமிழ்ப் பாடல் முழுவதையும் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

நான் பழக்கியதோ வேறு. “என்ன நடந்தாலும் அசையக் கூடாது. கண்ணு கூட அங்க இங்க போகக் கூடாது.” ஒரு வாரம் இதையே சொன்னேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது என்று வெளியிலிருந்து வரும் யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு.

விழா அன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. கீதம் தொடங்கிச் சிறிது நேரத்தில், முன் வரிசையில் நின்ற ஒரு சிறுமியின் காலுறை சிவந்துகொண்டிருந்ததைக் கண்டேன். அட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, வாய் பாடிக்கொண்டிருந்தது. மேடையில் பிரதம விருந்தினர். எட்டி வைத்தால் நான்கு அடி. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

சிங்கள டீச்சர் வரிசையை விட்டு வெளியே வந்தார். தமிழில் பாடியபடியே நடந்தார், பாடியபடியே ஈர மண்ணில் மண்டியிட்டார். சவர்க்காரத் துண்டை ஈரப் புல்லில் தேய்த்துக் காலில் தடவினார். அட்டை விழுந்ததும் அங்கேயே எழுந்து நின்று கடைசி வரியைப் பாடி முடித்தார்.

விழா முடிந்ததும் விருந்தினர் அவரிடம், “தேசிய கீதம் போகும்போது நடக்கலாமா டீச்சர்?” என்று கேட்டார்.

“நான் பாட்டை நிப்பாட்டல்லையே சேர்” என்றார் அவர்.

அந்தச் சிறுமி என்னிடம் ஓடிவந்தாள். நான் குனிந்து அவள் காலைப் பார்ப்பதற்குள் சொன்னாள்: “டீச்சர், நான் அசையவே இல்ல டீச்சர்.”

பாராட்டுக்காகக் காத்து நின்ற அந்த முகத்துக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அடுத்த வருடம் சிங்கள டீச்சர் மாற்றலாகிப் போனார். அவரிடமும் எதுவும் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

இந்த வருடம் என் மகள் முதலாம் வகுப்பு. போன வாரம், அதே முன் வரிசையில் நிற்கப் போகிறவளுக்குக் காலுறையை இழுத்துவிட்டபடி, “கீதம் பாடும்போது ஆடாம நிக்கணும், என்ன?” என்றேன்.

“அட்டை ஏறினா அம்மா?”

“எடுத்துப் போட்டுட்டுப் பாடு” என்றேன். சரியாகத்தான் சொன்னேனா என்ற கேள்வி பாடசாலை வரை கூடவே வந்தது. ஆனாலும் அன்று ஐந்தாம் வகுப்புக்கும் அதையே சொன்னேன். முன்பு எழுதாமல் விட்ட குடியுரிமைக் கதையையும் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

நேற்றுக் காலைக் கூட்டத்தில் கீதத்தின் நடுவே மகள் சட்டென்று குனிந்தாள். கண்ணால் அதட்டப் பார்த்து, அடக்கிக்கொண்டேன். பக்கத்துப் பிள்ளையின் காலிலிருந்து எதையோ பிடுங்கி எறிந்துவிட்டு நிமிர்ந்தாள். வாய் பாடிக்கொண்டேயிருந்தது. பாடசாலை அதிபர் பார்த்தாரா, தெரியவில்லை. கேட்டால் சொல்வதற்குச் சிங்கள டீச்சரின் பதில்தான் என்னிடம் இருக்கிறது.

மாலையில் காலுறைகளைத் துவைத்தேன். கணுக்கால் பக்கத்தை இரண்டு தடவை பார்த்தேன். கறை இல்லை. பக்கத்துப் பிள்ளையின் இரத்தம் மகளின் விரல் நுனியில் காய்ந்திருந்தது.