அப்பா அணைத்த சுவிட்ச்

மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், கட்டுப்படியாகுதா என்று. வாங்கும்போது பெட்ரோல் காரைவிட விலை கூடத்தான். ஆனால் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். முத்தையாபுரத்திலிருந்து தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்வந்து இடுப்பு நொந்துபோயிருந்தார். ஊருக்குள் ஓட்ட இதைப்போல் வண்டி கிடையாது என்று நானும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரைத் தாண்டி முதலில் ஓட்டியது அந்தச் சனிக்கிழமைதான்.

விளாத்திகுளத்தில் அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. காலையில் போய்ப் பார்த்துவிட்டு, மத்தியானம் டயாலிசிஸுக்குத் திரும்பிவிடலாம் என்பது ஏற்பாடு. வண்டியை எடுக்கும்போது பார்க்கிறேன், சார்ஜ் பாதிகூட இல்லை. ராத்திரி சொருகியது சொருகியபடி இருக்கிறது, சுவரில் சுவிட்ச் அணைந்திருக்கிறது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே, படுக்கும் முன் வீட்டைச் சுற்றிவந்து எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிடுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, தங்கச்சியைப் பார்க்கப்போகிற சந்தோஷத்தில் நிற்கிறவரிடம் என்ன சொல்ல? அத்தை வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

போய் இறங்கினால், அத்தை ஓலை விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்புல்லா. காலையில போன கரண்ட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தாம் வரும்."

ஊர் முழுக்க இல்லாத கரண்ட், சார்ஜ் போடுகிற இடத்தில் மட்டும் இருக்குமா? போன் செய்து கேட்டேன், அங்கேயும் இல்லை. முன்பு ஒருதடவை டயாலிசிஸ் ஒருநாள் தள்ளிப்போனதில், அப்பா மூச்சுவிட முடியாமல் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார். அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றேன்.

"சொந்த வண்டிய இங்கன போட்டுட்டு வாடகை வண்டியா? மெதுவா உருட்டிக்கிட்டே போவோம்ளா," என்றார் அப்பா.

அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். கச்சான் காற்று எதிர்த்து அடித்தது. எதிர்காற்றில் இந்த வண்டி சார்ஜைக் குடிக்கும். ஏசியை அணைத்தேன், வேகத்தைக் குறைத்தேன். உப்பு லாரிகள்கூட ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போயின. ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை இன்னும் கொஞ்சம் எடுத்தேன். எப்போதும் பேசிக்கொண்டே வருகிற அப்பா, திரையில் தெரிந்த சார்ஜ் அளவையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கால்கள் வேறு வீங்கத் தொடங்கியிருந்தன. நடுவழியில் நின்றுவிட்டால் இவரை வைத்துக்கொண்டு எந்த பஸ்ஸை மறிப்பேன்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேனே, ஆட்டோவிலேயே போயிருக்கலாமே என்று பயந்து செத்தேன்.

தருவைக்குளம் தாண்டியதும் அப்பா, "ஏளா, ராத்திரி சுவிட்ச அணைச்சது நாந்தான?" என்றார்.

"விடுங்கப்பா."

"காலையிலயே சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா கிளம்பியிருப்பீங்களா?"



ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது நான்கு சதவீதம் மிச்சம் இருந்தது. நேரத்துக்கு வந்துவிட்டோம்.

நர்ஸ் ஊசிகளைக் குத்திக் குழாய்களை மாட்டினாள். மிஷின் ஓடத் தொடங்கியது. "புதுக் கார் எப்படி ஓடுது தாத்தா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தாம்மா ஓடுது. என்னய மாதிரிதான், நேரத்துக்குச் சொருகிறணும்."

சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பி, மிஷினிலிருந்து போகிற வயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தார். அது சுவரில் போய் முடிந்த இடத்தைப் பார்த்தார்.

"யம்மா, அந்தச் சுவிட்ச யாரும் அணைச்சிராம பாத்துக்கோ."

நர்ஸ் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. நான் ஸ்டூலை இழுத்துக்கொண்டுபோய், அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.