ரூத் அக்கா பார்க்காத மின்னொளி ஆட்டம்

ரூத் அக்கா கால்பந்து ரசிகை ஆனதற்குக் கோபம்தான் காரணம். 1963-இல் எங்கள் பெரைரா கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். மண்ணூரிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். அலுவலகத்தின் பின்சுவர்தான் மைதானத்தின் பக்கக் கோடு. சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பந்து ஜன்னல் வழியாக வந்து டைப்ரைட்டர் மேல் விழுந்தது. பிஷப்புக்கு அடித்துக்கொண்டிருந்த மூன்று பக்கக் கடிதம் கிழிந்துபோனது. அக்கா பந்தை எடுத்து, வந்த வழியே ஓங்கி எறிந்தார். அது எதிரணி கோல்கீப்பரின் தலைக்கு மேலாகப் போய் வலைக்குள் விழுந்தது. நடுவர் அந்த நேரம் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், பந்து வலைக்குள் இருந்தது, விசில் ஊதிவிட்டார்.

அந்த ஆண்டு எங்கள் கல்லூரி போட்ட ஒரே கோல் அதுதான்.

ஒரு கடிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதற்காக அடுத்த ஆட்டத்துக்குப் போனார். அதன்பின் பதினான்கு வருஷத்தில் ஒரு ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை. அந்தப் பதினான்கு வருஷத்தில் நாங்கள் ஜெயித்தது நான்கு ஆட்டம். அதில் இரண்டில் எதிரணி வரவில்லை.

மைதானத்தையும் சொல்ல வேண்டும். வடக்கே உயர்ந்து தெற்கே சரிந்திருக்கும். வடக்கிலிருந்து ஆடும் அணி பந்தைத் தொட்டுவிட்டு நின்றால் போதும், அது தானாகப் போகும். மழை பெய்தால் தெற்கு கோலுக்குள் தவளைகள் குடியிருக்கும். இதைச் சரிசெய்யச் சொல்லி அக்கா பழைய மாணவர்களுக்குப் பதினோரு வருஷம் கடிதம் அடித்தார். முதல்வர் சாமியார் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். கடைசியில் பினாங்கில் ரப்பர் வியாபாரம் செய்த ஒரு பழைய மாணவர் மனமிரங்கினார். அவருக்கும் அந்தச் சரிவில் முழங்கால் போயிருந்ததாம். 1976-இல் வேலை தொடங்கியது. மண்ணடித்து மைதானத்தைச் சமமாக்கினார்கள். ஏழு படி கேலரி கட்டினார்கள். அதோடு நிற்காமல், எட்டு இரும்புக் கம்பம் நட்டு மெர்க்குரி விளக்கு போட்டார்கள்.

விளக்கு வந்ததும் ஊருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. ராத்திரியில் ஆட்டமா! விடுதி மாணவர்கள் வடக்குக் கம்பக் கட்சி, தெற்குக் கம்பக் கட்சி என்று பிரிந்து, எந்தக் கம்பம் அதிகம் எரியும் என்று சண்டை போட்டார்கள். விளக்கடியில் ஓடினால் ஆளுக்கு நாலு நிழல் விழும் என்று யாரோ சொல்லிவிட, எங்கள் இடது தடுப்பாளர் எந்த நிழலை மறிப்பது என்று தெரியாமல் மூன்று நாள் சாப்பிடவில்லை. சுற்று ஊர்க்காரர்கள் வந்து கம்பங்களுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். அதைப் பார்த்த மாதா சபைப் பெண்கள் மாலை போட்டார்கள். முதல்வர் தீர்த்தம் தெளிக்கக் குவளையோடு வந்தபோது லைன்மேன் கோபால் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினான்.

"சாமி, தண்ணி வேணாம் சாமி! தூரமா நின்னு ஜெபம் மட்டும் பண்ணுங்க!"

கோபால்தான் இன்னொரு விஷயத்தையும் சொன்னான். மைதானத்துக்கும் ஒன்றரை மைல் தள்ளியிருந்த எல்லப்பனின் அரிசி மில்லுக்கும் ஒரே லைன். மில் மோட்டார் கிளம்பினால் கரண்டு சட்டென்று இறங்கும், இந்த விளக்குகள் அணைந்துவிடும். அணைந்தால் ஆறித்தான் மறுபடி பற்றும், பத்து நிமிஷமாவது ஆகும். ரூத் அக்கா எல்லப்பனைப் போய்ப் பார்த்தார். முன்வரிசையில் கை வைத்த நாற்காலி கொடுத்தால் அன்று சாயங்காலம் மில்லை நிறுத்துகிறேன் என்றார் எல்லப்பன். கொடுத்தார்கள்.

1977 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த கல்லூரி அணியோடு ஆட்டம். வருஷா வருஷம் எங்களை ஆறு ஏழு கோலில் அடிக்கிற அணி. நான் அந்த ஆண்டு மாற்று ஆட்டக்காரன், பெஞ்சில் இருந்தேன். கேலரி ஐந்து மணிக்கே நிரம்பிவிட்டது. ஆறு இருபதுக்குக் கோபால் சுவிட்சைப் போட்டான். விளக்குகள் முதலில் கத்தரிப்பூ நிறத்தில் மினுக்கின, பிறகு மெல்ல வெளுத்தன. வார்டன் வீட்டுச் சேவல் விடிந்துவிட்டதென்று கூவியது. அதைக் கேட்டு மண்ணூர் வரைக்கும் சேவல்கள் கூவின. ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

முழுசாக வெளுக்கும் முன்பே எட்டும் அணைந்தன.

"மில்லு!" என்றான் கோபால்.

அக்கா முன்வரிசைக்கு ஓடினார். எல்லப்பன் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் மில்லு ஆளு பச்சையப்பனாண்ட சொல்ட்டுத்தாம்மா வந்தேன்" என்றார். "லைட்டு எரிஞ்சினு இருந்தா மோட்டார் போடாதேன்னு சொன்னேன்."

"ஒரு நடை போய்ட்டு வந்துடுங்களேன்."

"நான் எழுந்தா சேர் போயிடும்மா."

போக வேறு ஆளும் இல்லை. இடம் போய்விடும் என்று யாரும் எழவில்லை. வெளியே இருநூறு சைக்கிள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. அலுவலகத்துக்குள் பூட்டியிருந்த அக்காவின் சைக்கிள் ஒன்றுதான் எடுக்கக்கூடியதாக இருந்தது. "பத்து நிமிஷத்துல வந்துடறேன். அதுக்குள்ள ஆரம்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மிதித்தார்.

மில்லில் நடந்ததை அக்காவே பின்னால் எனக்குச் சொன்னார்.

மில் வேலையாள் பச்சையப்பன் அவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டான். "லைட்டு எரிஞ்சா போடாதேன்னாரு மொதலாளி. இங்க லைட்டு எரியலியே. அதான் போட்டேன்" என்று மில்லுக்குள் தொங்கிய பல்பைக் காட்டினான். அது பியூஸ் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அக்கா அவனுக்கு விளக்கிச் சொல்லி மோட்டாரை நிறுத்தவைத்துத் திரும்பினார். பாதி வழி வருவதற்குள் மைதானத்துப் பக்கம் வானம் வெளுத்தது. பெரிய கூச்சல் கேட்டது. அடுத்த நிமிஷம் வானம் இருண்டது.

திரும்பவும் மில்லுக்கு மிதித்தார். இந்த முறை சுவிட்சைப் போட்டது காமாட்சியம்மாள். மூன்று மூட்டை புழுங்கல் நெல்லோடு மத்தியானத்திலிருந்து காத்திருந்த அம்மாள்.

"வெடிஞ்சா எம் பொண்ணுக்குக் கல்யாணம்" என்றார் அவர். "பந்திக்கு அரிசி வேணும். பந்து ஆடறாங்களாம் பந்து!"

"அரைச்சுக்கோங்கம்மா. ஆட்டம் முடியட்டும். ஒம்பது மணிக்கு மேல எல்லா மூட்டையும் அரைச்சுடலாம்."

"நீ அந்தாண்ட போனா நான் போட்டுடுவேன். சொல்லிட்டேன்."

நேர்மையான பெண்மணி. அக்கா ஒரு தவிட்டு மூட்டையை இழுத்து சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். எதிரில் நெல் மூட்டை மேல் காமாட்சியம்மாள் உட்கார்ந்தார். நடுவில் பச்சையப்பன், யார் பக்கம் சேர்வது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தான்.

பதினோரு வருஷம் கடிதம் அடித்து வரவழைத்த விளக்கு, மரங்களுக்குப் பின்னால் வெள்ளையாகத் தெரிந்தது. அக்காவுக்கு அழுகை வந்தது. சுவிட்சை விட்டுப் போகத்தான் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருங்கூச்சல் வந்தது.

"இன்னாத்துக்குக் கத்துறாங்க?" என்றார் காமாட்சியம்மாள்.

"கோல்."

"யாருக்கு?"

அக்கா காதைக் கூர்மையாக்கினார். "இவ்ளோ சத்தம் வந்தா நமக்குத்தான். அவங்க ஆளுங்க ஒரே பஸ்லதானே வந்திருக்காங்க."

அடுத்த கூச்சலுக்குக் காமாட்சியம்மாளே, "நமக்குதான?" என்று கேட்டார். மூன்றாவதுக்கு எழுந்து வாசலுக்கு வந்தார். நான்காவதுக்குப் பச்சையப்பன் குதித்தான். மொத்தம் ஆறு கூச்சல். ஆறு கோல்! எங்கள் கல்லூரி மூன்று வருஷத்தில்கூட ஆறு கோல் போட்டதில்லை. காமாட்சியம்மாள் பந்திக்கு வாங்கிக் கையோடு வைத்திருந்த வெல்லத்தில் ஒரு துண்டை உடைத்து அக்காவின் வாயில் போட்டார்.

ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்தது. மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு அக்கா சாலைக்கு ஓடிவந்தார். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவரை நிறுத்தினார்.

"எத்தனை கோலுங்க?"

"லைட்டுன்னா லைட்டும்மா! கீழ வுழுந்த குண்டூசிய எடுக்கலாம்."

"ஆட்டம் என்ன ஆச்சு?"

"ஆடுனாங்க."

இருபது பேரைக் கேட்டார். சேவல் கூவியதைச் சொன்னார்கள். நாலு நிழலைச் சொன்னார்கள், விளக்கை மொய்த்த ஈசலைச் சொன்னார்கள். ஆறு கூச்சலில் இரண்டு, மங்கியிருந்த விளக்குகள் மறுபடி பளிச்சிட்டதற்கு. ஒன்று, மைதானத்தில் புகுந்த நாய்க்கு நாலு நிழல் விழுந்து அது தன் நிழல்களையே துரத்தியதற்கு. மற்ற மூன்றும் எதற்கென்று யாருக்கும் நினைவில்லை.

பெஞ்சில் இருந்த என்னிடமும் கேட்டார். நானும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல்கீப்பர் அருள்நாதனைக் கேட்டார்.

"நாலு உள்ள போச்சுக்கா. இல்ல அஞ்சு. ஒண்ணு பந்தா ஈசல் கூட்டமான்னு தெரியல."

"நம்ம ஆளுங்க எதாவது போட்டாங்களா?"

"அந்தப் பக்கம் ரொம்ப தூரங்கா. கண்ணு கூசுது."

நடுவர் குறித்து வைத்திருந்த சீட்டைக் கேலரியிலேயே விட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் ஏறிப்போயிருந்தார். அந்தச் சீட்டில் யாரோ வேர்க்கடலை மடித்துத் தின்றிருந்தார்கள். திங்கட்கிழமை அக்கா காகிதத்தைச் சொருகி டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தார். ஆட்டத்தின் அறிக்கையை எப்போதும் அவர்தான் அடிப்பார். முதல்வர் வந்து எட்டிப்பார்த்தார்.

"நாம ஜெயிச்சதா அடிச்சுடேன் ரூத். யாருக்குத் தெரியப்போகுது?"

"இத்தனை வருஷம் தோத்ததை தோத்தோம்னே அடிச்சிருக்கேன் ஃபாதர். இதையும் தெரிஞ்சுதான் அடிப்பேன்."

காஞ்சிபுரத்துக் கல்லூரிக்கு எழுதிக் கேட்கலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்குள் அவர்களிடமிருந்தே கடிதம் வந்துவிட்டது. விளக்கு அமைப்பு மிகச் சிறப்பாக இருந்ததாகவும், ஆட்டத்தின் முடிவைத் தயவுசெய்து தெரிவிக்கும்படியும் எழுதியிருந்தார்கள்.

அக்கா பதில் அடித்தார்: முடிவு தெரியாத காரணத்தால் மறு ஆட்டம். முதல்வர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மார்ச்சில் மறு ஆட்டம் நடந்தது. அக்கா முன்னேற்பாடாக மில்லைப் பூட்டவைத்து, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். பச்சையப்பனையும் கையோடு கூட்டிவந்து தன் கண் பார்வையில் உட்காரவைத்தார். காமாட்சியம்மாள் புது மாப்பிள்ளையோடும் பெண்ணோடும் வந்து அக்காவின் பக்கத்திலேயே இடம் பிடித்தார். விளக்குகள் ஒரு தடவைகூட அணையவில்லை. அதனாலோ என்னவோ, இந்த முறை கூட்டம் பாதிதான்.

நாங்கள் மூன்று கோலில் தோற்றோம். எங்கள் பக்கம் பூஜ்யம்.

அக்கா ஒவ்வொரு கோலையும் பார்த்தார். பந்து எந்தக் காலிலிருந்து கிளம்பியது, எந்தக் காலுக்கு நடுவே போனது என்பதையெல்லாம் பார்த்தார். காமாட்சியம்மாளுக்குத்தான் ஆறவில்லை. "இதுக்கா நான் அரிசிய நிறுத்தி வெச்சேன்?" என்று எங்கள் காது படவே கேட்டார்.

விசில் ஊதியதும் அக்கா படியிறங்கி நேராக அருள்நாதனிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மூணாவது கோலுக்கு நீ இடது பக்கம் சாஞ்சே. அவன் வலது பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தான். எனக்கு மேல இருந்து நல்லாத் தெரிஞ்சுது."

"கண்ணு கூசிச்சுக்கா."

"கூசட்டும். காலைப் பாரு, லைட்டைப் பாக்காதே" என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு கோலுக்குள் நின்று எப்படி நிற்க வேண்டும் என்று காட்டினார். லைன்மேன் கோபால் வந்து விளக்கை அணைக்கவா என்று கேட்டான். அக்கா இன்னும் பத்து நிமிஷம் கேட்டார்.

1986 வரை அக்கா அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தார். அதுவரைக்கும் எங்கள் கல்லூரி இன்னும் மூன்று ஆட்டங்களில் ஜெயித்தது. மூன்றும் பகல் ஆட்டங்கள்.