கப்பலில் அம்மா ஜெபம் செய்த அன்று

நான் கப்பலில் போனவள் என்று சொன்னால் என் மகள்கூட நம்பமாட்டாள். எங்கள் தெருவில் ரயில் ஏறாதவர்களே பாதிப் பேர் இருந்த காலம் அது. தொண்ணூறுகளில் ஒரு வருசம். எனக்குப் பத்து வயசு இருக்கும், பதினொன்றுகூட இருக்கலாம். சூலூர்ப் பக்கம் தறி போட்டிருந்த ஒரு வீட்டில் அம்மா வேலை பார்த்தாள். அந்த வீட்டு ஓனரும் ஓனரம்மாவும் அவர்களுடைய மூன்று வயசுப் பையனோடு கொச்சியிலிருந்து கப்பல் ஏறித் தீவு பார்க்கக் கிளம்பினார்கள். பையன் என் அம்மா இடுப்பை விட்டு இறங்கமாட்டான், அதனால் அம்மாவும் போக வேண்டியிருந்தது. அப்பா இல்லாத வீட்டில் என்னை யாரிடம் விட்டுப்போவது? அதனால் நானும் போனேன்.

நாங்கள் ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர்கள். ஊர்க் கடைசியில் ஓடு போட்ட சின்னக் கோயில் எங்களுடையது. செருப்பை வெளியே விட்டுப் பாயில் உட்கார்ந்துதான் ஆராதனை. அம்மா நெற்றியில் பொட்டு வைப்பதில்லை. ஆனால் ஓனரம்மாவுக்குக் காலையில் வெறும் நெற்றியைப் பார்த்தால் ஆகாது. அதற்காக அம்மா தினமும் சூலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒட்டுப் பொட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வாள். சாயந்திரம் திரும்ப பஸ் ஏறினதும் அதைப் பிய்த்துப் பழையபடி அட்டையில் ஒட்டிவிடுவாள். நாங்கள் வேதக்காரர்கள் என்று ஓனரம்மாவுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. அம்மாவும் அதைப் பற்றிப் பேசினதில்லை. அந்தப் பொட்டும் அந்த வேலையும் ஒன்று என்றுதான் என் புத்திக்கு எட்டியிருந்தது. அந்த வேலை இருந்ததால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கப்பலில் ஓனரம்மா சிரித்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு மேசையில் கோயமுத்தூர் டாக்டரம்மா ஒருவர் பழக்கமாகி, இரண்டு பேரும் பேசிப் பேசிச் சிரித்தார்கள். சும்மா ஜாலிக்கு வந்தோம் என்று ஓனரம்மா அவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விருப்பப்பட்டவர்களுக்குக் காலையில் சாப்பாட்டு ஹாலில் ஆராதனை உண்டு என்று மைக்கில் சொன்னார்கள். அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அம்மணி, தம்பி எந்திரிக்கறதுக்குள்ள ஓடியாந்தர்றனுங்க.”

ஓனரம்மா கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டே, “போய்ட்டு வா” என்றார். அந்தக் குரலில் கோபமும் இல்லை, சந்தோசமும் இல்லை.

விடிந்ததும் அம்மா பொட்டைப் பிய்த்து, நாங்கள் எல்லாரும் ஒன்றாகத் தங்கின ரூமுக்குள்ளேயே இருந்த பாத்ரூமின் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தாள். ஹால் வாசலில் நாங்கள் செருப்பைக் கழற்றினோம். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாரும் ஷூவும் செருப்புமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பாயைத் தேடினாள். பாய் இல்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார வேண்டியதாயிற்று. அந்த டாக்டரம்மாவும் வந்திருந்தார். அவர் மகளுக்கு என் வயசுதான். அவள் எங்களைப் பார்த்தாள், பிறகு வாசலைப் பார்த்தாள். கப்பல் ஆடினபோது எங்கள் இரண்டு ஜோடிச் செருப்பு மட்டும் அங்கே தனியாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஆராதனை நடத்தினவர் வயசான மலையாளத்துக்காரர். பாட்டு இங்கிலீஷில் போயிற்று. பாட்டு முடிந்ததும், அவரவர் பாசையில் ஜெபம் செய்யலாம் என்று கையைக் காட்டிச் சொன்னார்.

எங்கள் கோயிலில் ஜெபம் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஆரம்பிப்பார்கள். அந்த இரைச்சலில் ஒருத்தர் வேண்டுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. மனசில் இருப்பதையெல்லாம் பயமில்லாமல் கொட்டலாம். ஆண்டவருக்கு மட்டும் பிரித்துக் கேட்கத் தெரியும். இங்கே எல்லாரும் உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தார்கள். அம்மாவோ கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் விரித்து, ஊரில் செய்வதுபோலவே ஆரம்பித்துவிட்டாள்.

“ஏசப்பா, எங்க அம்மணியப் பாருங்க சாமி. வயித்துல மூணு மாசத்துப் புள்ள தங்காமப் போச்சுங்க. நாலு பேரு கேப்பாங்கன்னு சிரிச்சுட்டே திரியறாங்க. பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து உட்டுப்போட்டு அழுகறாங்க சாமி. வெளிய சத்தம் கேக்கக் கூடாதாமா. எனக்குக் கேக்குதுங்களே. உங்களுக்குக் கேக்கலீங்களா?”

ஹாலில் வேறு சத்தமே இல்லை. நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். எனக்கும் ஏதோ வேண்டச் சொல்கிறேன் என்று நினைத்து, என் தலையில் கையை வைத்து இன்னும் பலமாகச் சொன்னாள். டாக்டரம்மா திரும்பி வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எழுந்துவிட்ட பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓனரம்மா நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, எவ்வளவு கேட்டாரோ தெரியாது. அம்மாவைப் பார்த்துப் பையன் கத்தினான். அதற்குப் பிறகுதான் அம்மா கண்ணைத் திறந்தாள். ஓனரம்மா பையனோடு திரும்பிப் போனார்.

அந்தத் தரை பிளந்து என்னைக் கடலுக்குள் விட்டிருந்தால் நல்லது என்று இருந்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது டாக்டரம்மா மகள் என்னிடம், “அவங்க உங்கம்மாவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காது இரண்டும் சுட்டது.

மத்தியானம் ஓனரம்மா சாப்பிட வரவில்லை. அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை. வேலை போய்விட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நடுக்கடலில் எங்களை எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.

சாயந்திரம் ஓனர் பையனைத் தூக்கிக்கொண்டு மேலே காற்றாடப் போனார். ஓனரம்மா அம்மாவை ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் வெளியே கதவில் காதை வைத்து நின்றேன். திட்டு விழும் விழும் என்று பார்த்தேன், விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நிற்கவே இல்லை. கப்பலில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் ஓடிக்கொண்டே இருந்தது. தண்டனையாக அழுக்குத் துணி அத்தனையையும் அம்மா தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அம்மா வெளியே வந்தபோது அவள் தோள் பக்கம் சேலை நனைந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

“சோப்பு பட்டுருச்சாம்மா?” என்றேன்.

“ஆமாங் கண்ணு” என்றாள். துவைத்த துணி ஒன்றும் அவள் கையில் இல்லை.

மறுநாள் காலையில் அம்மா வெறும் நெற்றியோடு ஓனரம்மாவுக்குக் காப்பி கொண்டுபோனாள். எனக்கு உயிரே போய்விட்டது. பாத்ரூமுக்குள் ஓடினேன். பொட்டு கண்ணாடியிலேயே இருந்தது. அதைப் பிய்த்து விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்து அம்மா முன்னால் நீட்டினேன். அம்மா அதை வாங்கவில்லை. ஓனரம்மா முகத்தைப் பார்த்தாள்.

ஓனரம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். என் கையைப் பிடித்து, விரலிலிருந்த பொட்டை எடுத்தார். அதைக் கொண்டுபோய் ரூமிலிருந்த வட்ட ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, திரும்ப வந்து மீதிக் காப்பியைக் குடித்தார்.

பொட்டையே பிடுங்கிக்கொண்டார்கள், இனி அம்மாவை அந்த வீட்டு வாசலில் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்துக் கரை வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தேன். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு ஏன், ஏன் என்று கேட்டுப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் விசயம் தெரியவில்லை, பாவம் என்று நான் வாயைத் திறக்கவே இல்லை.