மாசி மாதத்துக்குக் கரண்ட்

மகள் வீட்டுக்குப் பால்கோவா வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். மகள் தொடமாட்டாள், மருமகனுக்குத்தான். பக்கத்தில் இருந்தவர் ஒல்லி, சட்டையெல்லாம் கிரீஸ். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நீட்டிக் காற்றைப் பார்த்தார். ராஜபாளையத்து மில் முதலாளியின் காற்றாலைகளைப் பார்த்துக்கொள்பவராம்.

"ஆடியில கரண்டு மிஞ்சுது ஆச்சி. மாசியில காத்தே இல்ல. முதலாளி பேட்டரியில சேத்து வைப்போம்ங்காரு."

"வைக்க வேண்டியதுதான?"

"பேட்டரி உங்க பால்கோவா மாதிரி, கொஞ்ச நாள்தான். மிஞ்சுற ஆடிக் கரண்ட வச்சுத் தண்ணியில இருந்து ஹைட்ரஜன் வாயு எடுத்தா, அது வத்தல் மாதிரி, மாசக்கணக்கா இருக்கும், மாசியில திரும்பக் கரண்டாக்கிக்கலாம். இந்தப் பஸ்ஸக்கூடப் புகையில்லாம ஓட்டலாம். செய்வோமான்னு இன்னைக்குக் கேக்கப் போறேன்."

"முதலாளி வீட்டுலயும் வத்தல் போடுவாவள்ல? அப்படியே சொல்லிரும்யா."

சிரித்தபடியே மில் வாசலில் இறங்கிப் போனார். அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது, முதலாளி என்ன சொன்னாரோ. இன்றைக்கும் புகை கக்கும் பஸ்ஸில்தான் மகள் வீட்டுக்குப் போகிறேன். மில் வந்ததும் இறங்கிக் கேட்டுவிடலாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.