இருபத்திரண்டு பாகம் வரைக்கும் சிக்னல்

பூவம்மா கமிஷன் வாங்குகிறாள் என்ற சேதி காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இடத்தில் பிறந்தது. டீக்கடைக்கு வந்து சேர்வதற்குள் கமிஷன் ஒரு புது போனாக வளர்ந்துவிட்டது. அந்தப் போனின் பெட்டியை அவள் வீட்டு வாசலிலேயே பார்த்தவர்கள் மூன்று பேர். பெட்டி என்ன நிறம் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒத்துப்போகவில்லை.

மீன் விற்கிறவளுக்குப் போன் கடைக்காரன் எதற்குக் கமிஷன் கொடுக்க வேண்டும்? கொடுப்பான். துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் நாலு தெருவில் பூவம்மா தலையாட்டாமல் யாரும் போன் வாங்குவதில்லை. அவளுக்கென்று சில சோதனைகள் உண்டு. ஐஸ் தண்ணீரில் விரலை நனைத்துத் திரையைத் தடவுவாள். திரை தடுமாறினால் போன் அவுட். அடுத்தது கைரேகைப் பூட்டு. முப்பது வருஷம் செதிலில் தேய்ந்த கட்டைவிரல் அது. அதையே அடையாளம் கண்டு திறக்கிற பூட்டு எவன் விரலையும் அடையாளம் காணும். கேமராவை மட்டும் அவள் நம்புவதே இல்லை.

"மூஞ்சிய பளபளன்னு காட்டுது, சரி. வவ்வால் மீனையும் பளபளன்னு காட்டுது. அப்பால வாட்ஸப்புல பாத்து வாங்குறவன் எது நேத்து மீனுன்னு எப்டி கண்டுபுடிப்பான்?"

சிம் கார்டுக்கு அவள் அளவுகோல் கடலாழம். ஆழத்தை இங்கே பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் என்பது ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். கரையிலிருந்து தள்ளிப் போகப் போக ஆழம் கூடும், சிக்னல் குறையும். எந்த சிம் எத்தனை பாகம் வரை பேசும் என்பதைத் தன் தம்பி தேசப்பனின் ஃபைபர் படகில் அனுப்பிச் சோதித்துச் சொல்வாள். விளம்பரத்தை நம்பாதவர்கள் இதை நம்பினார்கள்.

கூடையில் மீன் விற்கும் குப்பம்மாவும் நம்பினாள். இருபத்திரண்டு பாகம் என்று பூவம்மா சொன்னதைக் கேட்டு, கடலுக்குப் போகும் மகன் தீபனின் நம்பரை அந்தக் கம்பெனியின் சிம்முக்கு மாற்றினாள். மூன்றாம் நாளே பன்னிரண்டு பாகத்தில் பேச்சு அறுந்தது. விடிந்ததும் பேசுகிறேன் என்ற பையன் மத்தியானம்தான் கரைக்கு வந்தான். அதுவரை குப்பம்மா கூடையை மூடிவைத்துவிட்டுத் துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். கமிஷன் சேதி மறுநாள் காலையில் கிளம்பியது.

டீக்கடையில் இதைக் கேட்ட நான், விசாரிக்கலாமென்று மீன் வாங்குகிறவனைப்போலப் பையும் கையுமாகப் போனேன். பூவம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மீன் வாங்க வந்தவன் மீனப் பாப்பான். நீ என் போனப் பாத்துகினு கீறே. கம்பெனி ஆளா?"

அவள் போனின் முனை உடைந்து, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. கமிஷன் வாங்குகிறவள் இப்படியா வைத்திருப்பாள்? அல்லது கமிஷன் வாங்குகிறவள்தான் இப்படி வைத்திருப்பாளா? சங்கரா அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன்.

போன் கடை லூயிஸ், பெட்டி அவள் வீட்டுக்குப் போனதை ஒப்புக்கொண்டார். "சோதிக்கக் குடுத்தது சார். ரெண்டு நாள்ல திரும்பி வந்துச்சு, மீன் நாத்தத்தோட. துடைச்சுத் துடைச்சுப் பாத்துட்டேன், போகல. அத இனிமே யாருக்கு விக்கிறது? கமிஷன்னா அந்தம்மாதான் எனக்குத் தரணும்."

மிச்சமிருந்தவர் தேசப்பன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு பாகத்தில் நிஜமாகவே சிக்னல் கிடைத்ததா என்று கேட்டேன்.

"கெடச்சுதே. பொய்யா சொல்றேன்?"

"போனை எங்கே வைத்திருந்தீர்கள்?"

"எங்க வெப்பாங்க? கழி மேலதான்."

படகின் நடுவில் ஒரு மூங்கில் கழி, இரண்டு ஆள் உயரம். உச்சியில் பிளாஸ்டிக் பையில் போன், ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டுக் கட்டியிருக்கும். கீழே இன்னொரு போனில் பேசுவார்கள். அவர் படகில் வருஷக் கணக்காக அப்படித்தான். சிக்னல் என்றால் உச்சியில் கிடைப்பது. அதில் அக்காவிடம் சொல்ல என்ன இருக்கிறது? அக்காவும் எத்தனை பாகம் என்று கேட்டாளே தவிர, போன் எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. தீபனின் படகில் கழியே கிடையாது.

இதைச் சொன்னதும் பூவம்மா கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தாள். என்னை நம்பாமல் தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டாள். மறுநாள் ஏலத்துக்கு முன்னால், கூட்டம் நிற்கும்போதே சொன்னாள்: "கழி மேல இருபத்திரண்டு. கையில வெச்சா பன்னண்டு. நான் கேக்காம வுட்டேன். தப்பு என்னுது."

குப்பம்மா முன்னால் வந்தாள். "ஒருதரம் மாத்தினா தொண்ணூறு நாளைக்கு அதே நம்பரோட வேற கம்பெனி சிம்முக்குப் போவ முடியாதாம். அதுவரைக்கும் என் புள்ள கையத் தூக்கிகினே மீன் புடிப்பானா? தப்பு உன்னுதுன்னா கழியும் உன்னுதுதான்."

"வாங்கித் தரேன். நாளைக்கே."

அது நடந்து பதினாறு நாள் ஆகிறது. பூவம்மாவும் சும்மா இல்லை. மூங்கில் கடையில் நாலு கழியை வளைத்துப் பார்த்து, ஐந்தாவதை ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதையும் வேண்டாம் என்றுவிட்டாள். மூங்கில் கடையில் அவளுக்குக் கமிஷன் என்று ஐஸ் உடைக்கும் இடத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

குப்பம்மா இப்போது வாயைத் திறந்து கேட்பதில்லை. தினமும் காலையில் அந்த வழியாகப் போகும்போது வலது கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கிக்கொண்டு, மெதுவாக நடந்து போகிறாள். பூவம்மா குனிந்து மீனுக்கு ஐஸ் போடுகிறாள்.